எச்பிசியூவில் படிக்கலாமா? பட்டியல் போடுவதிலிருந்து முதல் செமஸ்டர் வரை

அமெரிக்காவில் படிக்கக் கல்லூரிப் பட்டியல் போடும்போது ஹோவர்டு, மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் என்று எச்பிசியூக்களின், அதாவது வரலாற்று ரீதியான கறுப்பினக் கல்லூரிகளின் பெயர்கள் வந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அது கறுப்பர்கள் காலேஜ் ஆச்சே, நம்ம பிள்ளையைச் சேர்த்துக்குவாங்களா?" என்பதுதான். இரண்டாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பாதுகாப்பா இருக்குமா?" பிள்ளைகளின் கவலை வேறு. நண்பர்கள் கிடைப்பார்களா, பட்டத்துக்கு மதிப்பு உண்டா, சாப்பாடு எப்படி?

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் பெற்றோர் கேட்க மறக்கிற மூன்று கேள்விகள் இவற்றைவிட முக்கியமானவை: எந்தத் துறை, யார் அங்கீகாரம் தந்தது, நாலு வருடத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்.

முதல் படி: பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

எச்பிசியூ என்ற சுருக்கத்தின் முதல் எழுத்து 'வரலாற்று ரீதியாக' என்பதைக் குறிக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். 1965-ஆம் ஆண்டின் அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தின்படி, 1964-க்கு முன்பே தொடங்கப்பட்டு, கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கல்வி தருவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட கல்லூரிகளே இவை. அடிமைமுறை இருந்த காலத்திலும், அது ஒழிந்த பிறகு நிறப்பிரிவினை நீடித்த காலத்திலும் மற்ற கல்லூரிகளின் கதவுகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அதனால் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடுகள் இவை. மிகப் பழையது பென்சில்வேனியாவின் செய்னி, 1837-இல் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 100 இருக்கின்றன. பெரும்பாலும் தென் மாநிலங்களில். சில அரசுடையவை, சில தனியார்.

மற்றவர்களுக்குக் கதவை மூடுவது இவற்றின் வழக்கமாக இருந்ததில்லை. 1867-இல் வாஷிங்டனில் ஹோவர்டு தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் நிறுவனர்களின் மகள்களான வெள்ளைப் பெண்களே இருந்தார்கள். இன்று எச்பிசியூக்களில் படிப்பவர்களில் சுமார் கால் பங்கினர் கறுப்பினத்தவர் அல்லாதவர்கள். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு ஸ்டேட்டில் வெள்ளை மாணவர்களே பெரும்பான்மை. ஆக, சேர்த்துக்கொள்வார்களா என்ற கேள்விக்குப் பதில், சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான். போகிற வீடு யாருடையது என்று தெரிந்துகொண்டு போவது உங்கள் வேலை.

அதற்கு ஒரு கதை போதும். பால்டிமோரைச் சேர்ந்த தர்குட் மார்ஷலுக்கு வீட்டருகிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. அங்கே கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. அவர் வாஷிங்டனுக்குத் தினமும் பயணம் செய்து ஹோவர்டில் சட்டம் படித்தார். சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் அவருடைய ஆசிரியர். 1933-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். சில ஆண்டுகளிலேயே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியை நீதிமன்றத்துக்கு இழுத்து, ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க வைத்தார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954-இன் தீர்ப்புக்கு வாதாடியவரும், 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் இதே மார்ஷல்தான். ஹோவர்டு வளாகத்தில் இந்தக் கதை பாடப்புத்தகச் செய்தி அல்ல, குடும்பக் கதை.

சென்னையில் பிறந்து 1958-இல் பெர்க்லிக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் பட்டம் பெற்றதும் (1986) ஹோவர்டில்தான் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது படி: கல்லூரியை அல்ல, துறையைத் தேடுங்கள்

"எச்பிசியூவில் சேரலாமா" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. நூறு கல்லூரிகள் நூறு விதம். பொறியியல் என்றால் வட கரோலினா ஏ அண்ட் டி-யை முதலில் பாருங்கள். மாணவர் எண்ணிக்கையில் எச்பிசியூக்களிலேயே பெரியது, கறுப்பினப் பொறியாளர்களை உருவாக்குவதில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ ஊல்வொர்த் கடையின் வெள்ளையர் மட்டும் உட்காரும் உணவு மேடையில் போய் அமர்ந்து, நாடு முழுவதும் மறியலைப் பற்றவைத்த நான்கு பையன்களும் இந்தக் கல்லூரி முதலாமாண்டு மாணவர்கள். மருத்துவம்தான் கனவு என்றால் நியூ ஆர்லியன்ஸின் சேவியர், கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதில் பேர்போனது. கத்தோலிக்கக் கல்லூரி. நாஷ்வில்லின் மெஹாரி 1876-இலிருந்து மருத்துவர்களை உருவாக்குகிறது. அட்லாண்டாவில் ஸ்பெல்மன் பெண்களுக்கு, மோர்ஹவுஸ் ஆண்களுக்கு. அடுத்தடுத்த வளாகங்கள். பக்கத்திலேயே கிளார்க் அட்லாண்டா. ஒன்றில் சேர்ந்து இன்னொன்றில் பாடம் எடுத்துக்கொள்ளலாம், நூலகம் பொது. பெண்கள் கல்லூரியின் நிம்மதியும் வேண்டும், பெரிய வளாகத்தின் கலகலப்பும் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

எம்.எஸ்., பிஎச்.டி. என்று போகிறவர்கள் ஆராய்ச்சித் தரத்தைப் பார்ப்பீர்கள். பல்கலைக்கழகங்களை ஆராய்ச்சி அளவை வைத்துத் தரம் பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டில், 2025-இல் ஆர்1 என்ற உச்ச நிலை பெற்ற ஒரே எச்பிசியூ ஹோவர்டுதான். அதற்காக மற்றதை எல்லாம் தள்ளிவிட வேண்டாம். உங்கள் ஆய்வுத் தலைப்பில் வேலை செய்யும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறாரா, அவர் கையில் நிதி இருக்கிறதா என்பதுதான் உங்கள் ஐந்தாண்டுகளைத் தீர்மானிக்கும். துறையின் இணையப் பக்கத்தில் பேராசிரியர் பட்டியலைத் திறந்து பாருங்கள். அறிவியல், பொறியியல் துறைகளில் இந்தியப் பெயர்கள் கண்ணில் படும். தெரிந்த பெயர் என்பதற்காகவே எழுதாமல், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாவது படி: அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

பத்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை. அட்லாண்டாவில் மோரிஸ் பிரவுன் என்று ஒரு பழைய கல்லூரி. 2002-இல் அங்கீகாரம் பறிபோனது. திரும்பக் கிடைத்தது 2022-இல். இடைப்பட்ட இருபது வருடம் அங்கே படித்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பணநெருக்கடியில் இருக்கும் சிறிய தனியார் கல்லூரிகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே கல்லூரி அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அங்கீகார அமைப்பின் தளத்திலேயே பாருங்கள். கல்லூரித் தளத்தில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பொறியியலுக்கு 'ஏபெட்' என்ற தனி அங்கீகார அமைப்பின் முத்திரை துறைவாரியாகத் தரப்படும். சிவில் துறைக்கு இருந்தால் கணினித் துறைக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

நான்காவது படி: பணம்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "எச்பிசியூ என்றால் செலவு குறைவு" என்று ஒரு பேச்சு உண்டு. அரசுக் கல்லூரிகளில், அதுவும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு, அது சரி. ஹோவர்டு தனியார். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். மறுபக்கம், வட கரோலினாவின் எலிசபெத் சிட்டி ஸ்டேட், ஃபேயட்வில் ஸ்டேட் ஆகிய இரண்டு எச்பிசியூக்களிலும் மாநில அரசின் திட்டப்படி ஒரு செமஸ்டர் படிப்புக் கட்டணம் உள்மாநிலத்தவருக்கு 500 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 2,500 டாலர். விடுதி, சாப்பாடு, இதர கட்டணம் தனி. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், தங்களுக்கு எந்தக் கட்டணம் பொருந்தும் என்று அட்மிஷன் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள குடும்பம் என்றால் முதல் வேலை கூட்டரசின் கல்வி உதவி கேட்கும் 'ஃபாஃப்சா' படிவம். கூட்டரசின் பெல் உதவித்தொகை, கல்விக்கடன் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. அவர்களுக்குக் கல்லூரியே தரும் தகுதி உதவித்தொகை, மேற்படிப்பானால் ஆசிரியர் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை. அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான ஹோவர்டின் கார்ஷ் ஸ்டெம் போல முழுச் செலவையும் ஏற்கிற திட்டங்களைப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்காமல் குடியுரிமை நிபந்தனையை முதலில் படியுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இந்தக் கல்லூரிகளின் கையிருப்பு நிதி பெரிய வெள்ளையர் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அது நிர்வாகத் திறமைக் குறைவால் மட்டும் வந்ததல்ல. 2023-இல் அமெரிக்கக் கூட்டரசே 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. நிலக்கொடை எனப்படும், வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கக் கூட்டரசு உதவியோடு அமைந்த கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலத்தின் மற்ற நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களுக்கு இணையாக நிதி தராததால் முப்பது ஆண்டுகளில் விழுந்த பள்ளம் 1,200 கோடி டாலருக்கும் மேல் என்றது அந்தக் கடிதம். பழைய விடுதிக் கட்டடமும், நீண்டு நிற்கிற அலுவலக வரிசையும் அந்தக் கணக்கின் இன்னொரு முகம். 2021-இல் ஹோவர்டு மாணவர்கள் விடுதிச் சுவரில் பூஞ்சை, பராமரிப்பில்லை என்று பிளாக்பர்ன் மாணவர் மையத்தில் ஒரு மாதத்துக்கு மேல் போராட்டம் நடத்தினார்கள். வெளியில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள். தங்கள் கல்லூரியை வெறுத்ததால் அல்ல, அது தங்களுடையது என்ற உரிமையில். அந்த வித்தியாசம் அங்கே போனால்தான் புரியும்.

ஐந்தாவது படி: விண்ணப்பம், விசா

இதில் பெரிய ரகசியம் இல்லை. ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பும் 'காமன் ஆப்' தளத்தில் பல எச்பிசியூக்கள் இருக்கின்றன. தவிர 'காமன் பிளாக் காலேஜ் அப்ளிகேஷன்' என்று ஒன்று உண்டு. ஒரே சிறிய கட்டணத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும். உங்கள் பட்டியலில் உள்ளவை எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி விண்ணப்பிப்பதற்கான கடைசி நாள் பல இடங்களில் நவம்பர் 1-ஐ ஒட்டி வரும். உதவித்தொகை பெரும்பாலும் முதலில் வந்தவர்களுக்கே என்பதால் பிப்ரவரி வரை இழுக்காதீர்கள்.

கட்டுரையில் ஒரு விஷயம். "பன்முகத்தன்மையை அனுபவிக்க விரும்புகிறேன்" என்ற வரியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அவர்கள் உங்களுக்குக் காட்சிப்பொருள் அல்ல. அந்தத் துறையில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

இடம் கிடைத்ததும் முன்பணம் கட்டி விடுதி அறையை உடனே பதிவு செய்யுங்கள். பிறகு, மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தைக் கேட்டு வங்கிச் சான்றை அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் வங்கிக் கடிதம் ஒரு கல்லூரியில் மூன்று வாரம் யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தது. தினமும் எழுதினான், பதில் இல்லை. ஒருநாள் ராத்திரி விழித்திருந்து அவர்கள் அலுவலக நேரத்தில் போன் செய்தான். எடுத்த அம்மாள், "அடடா, இரு கண்ணு" என்கிற தொனியில் பத்து நிமிடத்தில் தேடி எடுத்து முடித்துவிட்டார். பாடம்: எழுதுங்கள், ஆனால் போனும் செய்யுங்கள். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. அமெரிக்கத் தூதரகத் தளத்தைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். நேர்காணலில் "ஏன் இந்தக் கல்லூரி" என்றால், இரண்டாவது படியில் தேடி வைத்த துறையையும் பேராசிரியரையும் சொல்லுங்கள்.

ஆறாவது படி: வளாக வாழ்க்கைக்குத் தயாராகுங்கள்

ஹோவர்டில் 'யார்டு' என்றால் நடுவே இருக்கும் பெரிய புல்வெளி. ஒரு பக்கம் ஃபவுண்டர்ஸ் நூலகம், அதன் உச்சியில் மணிக்கூண்டு. வெயில் நல்ல வெள்ளிக்கிழமை மதியம் அங்கே போய் ஓரமாக நின்று பாருங்கள். பாட்டு ஒலிக்கும். வகுப்பு முடிந்து வருபவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்தியிருப்பார்கள். திடீரென்று இளஞ்சிவப்பும் பச்சையும் அணிந்த ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, ஒரே தாளத்தில் தோளை அசைத்தபடி கூட்டத்துக்குள் ஊர்ந்து போவார்கள். அது 'ஸ்ட்ரோல்'. பார்க்கப் பார்க்கக் கால் தானாக ஆடும்.

ஆடட்டும், ஆனால் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்ளாதீர்கள். வரிசைக்கு நடுவே குறுக்கே நடந்தும் போகாதீர்கள். அது 'டிவைன் நைன்' எனப்படும் ஒன்பது கறுப்பினச் சகோதர, சகோதரி அமைப்புகளில் ஒன்று. அந்தப் பெண்களுடையது, 1908-இல் ஹோவர்டிலேயே தொடங்கப்பட்ட ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. ஒன்பதில் ஐந்து இந்த ஒரே வளாகத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனிக் கை முத்திரை, தனிக் குரலொலி. உறுப்பினராகாமல் அந்த முத்திரையைக் காட்டிப் படம் எடுத்துப் போட்டால் அன்றைக்கே வளாகம் முழுக்க உங்கள் பெயர் தெரிந்துவிடும், நல்ல விதமாக அல்ல. இது படிப்பு முடிந்ததும் விடுகிற விளையாட்டும் இல்லை. எழுபது வயதுப் பாட்டிகள் அதே நிறத்தில் உடுத்தி அதே அசைவோடு வருவார்கள்.

அப்புறம் பேண்டு. நம் ஊரில் இடைவேளை விட்டால் தியேட்டரே காலியாகி முறுக்கு வாங்கப் போகும். இங்கே அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்தின்போது போய்ச் சாப்பாடு வாங்கி வந்துவிடுவார்கள். இடைவேளைதான் பேண்டின் நேரம். ஃபுளோரிடா ஏ அண்ட் எம்மின் 'மார்ச்சிங் 100', முழங்காலை இடுப்பு வரை தூக்கி நடக்கும் அந்த நடை, இதெல்லாம் பல குடும்பங்களுக்கு ஆட்ட முடிவைவிட முக்கியம். நான்கு கால்பகுதி ஆட்டமும் முடிந்த பிறகு இரண்டு பேண்டுகளும் எதிரெதிரே நின்று மாறி மாறி வாசிப்பதை 'ஐந்தாவது கால்பகுதி' என்பார்கள்.

சாப்பாடு: பல வளாகங்களில் புதன்கிழமை என்றால் வறுத்த கோழி, வரிசை வாசல் வரை நிற்கும். சைவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கொலார்டு கீரை மசியல் பார்க்க நம் வீட்டுக் கீரை மாதிரியே இருக்கும், ஆசையாக இருக்கும். பெரும்பாலும் அது புகையூட்டிய வான்கோழி அல்லது பன்றிக் கால் எலும்பு போட்டு வேகவைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். சோள ரொட்டியும் மக்ரோனி சீஸும் பெரும்பாலும் பிரச்சினையில்லை.

உடை: ஜீன்ஸ் மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள். ஃபுளோரிடா ஏ அண்ட் எம்மின் வணிகப் பள்ளிக் கூட்டங்களுக்குக் கோட்டு சூட்டில்தான் போக வேண்டும். ஸ்பெல்மன் சேரும் பெண்கள் ஒரு நல்ல வெள்ளை உடை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முக்கிய நிகழ்வுகளுக்கு வெள்ளை உடுத்துவது பழைய மரபு.

வகுப்பறையில் பல பேராசிரியர்கள் உங்கள் பெயரை இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவைத்திருப்பார்கள். ஒருநாள் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். சிலருக்கு இது தொல்லை, எனக்கு இதுதான் இந்தக் கல்லூரிகளின் பெரிய பலம். ஸ்பெல்மனில் முதலாண்டு மாணவிகள் எல்லோரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் உலக வரலாற்றைப் படித்தாக வேண்டும். ஹோவர்டிலும் கறுப்பின வரலாறு, பண்பாடு சார்ந்த பாடம் பட்டத்துக்குக் கட்டாயம். கணினி படிக்க வந்தேன், இது எதற்கு என்று முனகாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஏன் சில வார்த்தைகளுக்குச் சிரிக்கிறார், சிலவற்றுக்கு முகம் இறுகுகிறார் என்று அந்த வகுப்பில்தான் விளங்கும். ராப் பாட்டில் வரும், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தப் பயன்பட்ட அந்த ஒரு சொல்லை, பாட்டோடு சேர்ந்து பாடும்போதுகூட, நீங்கள் சொல்லக் கூடாது. யாருடைய தலைமுடியையும் தொட்டுப் பார்க்கக் கூடாது.

காந்தி பெயர் எப்படியும் வரும். ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவரான மோர்டெக்காய் ஜான்சன் இந்தியா போய்வந்து 1950-இல் பிலடெல்பியாவில் காந்தியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுத்தான், மாணவராக இருந்த மார்ட்டின் லூதர் கிங் கடைக்குப் போய்க் காந்தி பற்றிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தார். பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அடுத்த நிமிடமே யாராவது சாதியைப் பற்றிக் கேட்பார்கள். வெள்ளைத் தோல் கிரீமைப் பற்றியும் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். "பாதுகாப்பா இருக்குமா" என்று வீட்டில் குரலைத் தாழ்த்திக் கேட்டது எங்கிருந்து வந்தது என்பதும் அந்தப் பதிலில் இருக்கிறது. உண்மையில் பாதுகாப்பு ஊரைப் பொறுத்தது. எந்தப் பெருநகரக் கல்லூரியைப் போலவும் ராத்திரி வளாகப் பேருந்து எத்தனை மணி வரை ஓடும், விடுதி வாசலில் அட்டை காட்ட வேண்டுமா, சுற்றியுள்ள தெருக்கள் எப்படி என்று கேளுங்கள். எச்பிசியூக்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு: 2022 தொடக்கத்தில் டஜன் கணக்கான இந்தக் கல்லூரிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. ஆபத்து அந்த மாணவர்களிடமிருந்து வரவில்லை, அவர்களைக் குறிவைத்து வந்தது, பார்த்தீர்களா?

ஏழாவது படி: ஆளைப் பிடித்துக் கேளுங்கள்

அட்மிஷன் அலுவலகம் நல்லதைத்தான் சொல்லும். உங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படிப்பவர் ஒருவரையாவது பிடியுங்கள். இந்தியர்தான் வேண்டும் என்றில்லை. நைஜீரியாவிலிருந்தோ டிரினிடாடிலிருந்தோ வந்த மாணவர் வெளிநாட்டவரின் பாடுகளை இன்னும் தெளிவாகச் சொல்வார். கேட்க வேண்டியவை: கட்டாயப் பாடங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் நடக்கின்றனவா, அல்லது வருடம் ஒருமுறைதானா? இரண்டாம் ஆண்டிலும் விடுதி உறுதியா? உதவித்தொகை தொடர எவ்வளவு ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) வேண்டும், போன வருடம் எத்தனை பேர் இழந்தார்கள்? கோடையில் வேலைப் பயிற்சிக்கு எந்த நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்தன? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மகிழ்ச்சியான பதில் வரும். பெரிய நிறுவனங்கள் எச்பிசியூக்களுக்கென்றே ஆளெடுக்க வருவதுண்டு.

வீட்டார் பார்க்க வருவதாக இருந்தால் இலையுதிர் காலத்தில் ஹோம்கமிங் வாரத்தில் மட்டும் டிக்கெட் போட வேண்டாம். பழைய மாணவர்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வருவார்கள், ஹோட்டல் வாடகை எங்கோ போய்விடும், உங்களுக்கும் அம்மாவோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. அதற்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ வரச் சொல்லுங்கள். ஊறுகாய் பாட்டிலை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.